ட்ரெபிள் காதைக் குத்துகிறது என்று வீட்டில் சொன்னால் ட்வீட்டரை மாற்றலாமா?

"ஸ்டீரியோவில் ட்ரெபிள் அதிகமாக இருக்கிறது, காது வலிக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். ட்வீட்டரை மாற்றினால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (ட்ரெபிள் என்பது மேல் சுருதி ஒலி, ட்வீட்டர் என்பது ஸ்பீக்கர் பெட்டிக்குள் அதைத் தரும் சின்ன ஸ்பீக்கர்.) மாற்றாதீர்கள். நான் மாற்றினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

'வீட்டில் சொல்கிறார்கள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. உங்களுக்கு 45 தாண்டியிருக்கும், ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ட்ரெபிள் குமிழ் நடுவில் நிற்காமல் வலது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். என் கதை அப்படித்தான் இருந்தது.

நான் பாட்டுப் போட்டாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். மகள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாள். "ஸ், ச வரும்போதெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்குப்பா" என்றாள் ஒரு நாள். எனக்கோ பாட்டு அன்றைக்குத்தான் தெளிவாக, பளிச்சென்று கேட்பது போல இருந்தது. இவர்களுக்கு ரசனை இல்லை என்று முடிவு கட்டினேன். ஆனாலும் வீட்டுக்குள் தினமும் சண்டை போட முடியாதே. ட்வீட்டரை மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன். ட்வீட்டரில் அதிரும் டோம் உலோகம் என்றால் கூர்மையாக இருக்கும், பட்டு டோம் போட்டால் மெத்தென்று ஆகிவிடும் என்று விற்றவர் சொன்னார். அவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பழையதன் சென்சிடிவிட்டி, அதாவது அதே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 88 டெசிபல், புதியது 91. அதே ஆம்ப், ஒலியை ட்வீட்டருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் அதே கிராஸ்ஓவர், ட்வீட்டர் மட்டும் 3 டெசிபல் கூடுதல் சத்தம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல ஆகிவிட்டது. இந்த முறை எனக்கே.

பழைய ட்வீட்டரைத் திரும்பப் போட்டுவிட்டு, தோற்றுப்போன கோபத்தில் மகளைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்தேன். மடிக்கணினியில் ஒரே சுருதி கொண்ட ஒலியைப் போட்டு அலைவரிசையை மெல்ல ஏற்றுவது. ஒருவர் மாற்றி ஒருவர் அதே ஹெட்ஃபோன், குறைந்த வால்யூம். (இதை ஸ்பீக்கரில் சத்தமாகப் போடாதீர்கள், ட்வீட்டர் கருகிவிடும்.) ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்வரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். 11,000 ஹெர்ட்ஸில் நான் கையை இறக்கிவிட்டேன். 'நின்னுபோச்சு' என்றேன். அடுத்து அவள். 12,000, 13,000, 14,000... கை இறங்கவே இல்லை. 17,000 தாண்டித்தான் இறக்கினாள். அந்த அறையில் அன்றுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வயதாக ஆக மேல் அலைவரிசைகள்தான் காதிலிருந்து முதலில் கழன்றுகொள்ளும். எனக்குக் கேட்காமல் போனதை ஈடுகட்ட நான் குமிழைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன். அடி வாங்கியது அவர்கள்.

குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பாதி சரியானது. மீதி பாதிக்குக் காரணம் அறை. முந்தைய வருடம்தான் தூசி சேர்கிறது என்று கார்பெட்டைச் சுருட்டிப் பரணில் போட்டிருந்தோம். வெறும் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினேன். தட்டிய பிறகு 'டிர்ர்' என்று ஒரு வால் நீண்டது. உங்கள் அறையிலும் தட்டிப் பாருங்கள். அந்த வால் கேட்டால் உலகத்தில் எந்த ட்வீட்டரும் உங்களைக் காப்பாற்றாது.

செய்தது இவ்வளவுதான். நான் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மகள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். கண்ணாடியில் எந்த இடத்தில் ட்வீட்டர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் ஒலி தெறித்து என் காதுக்கு வருகிறது. ஒரு பக்கம் அந்த இடத்தில் புத்தக அலமாரி, மறுபக்கம் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை. கார்பெட் பரணிலிருந்து இறங்கி ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே விரிந்தது. அப்புறம் ஸ்பீக்கரின் திசை. இரண்டும் நேராக என் மூக்கைக் குறிவைத்து நின்றன. ட்ரெபிள் மேலே போகப்போக டார்ச் வெளிச்சம் மாதிரி குவிந்துவிடும், பக்கவாட்டில் அவ்வளவு பரவாது. எனவே ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, குவிகிற இடம் என் தலைக்குப் பின்னால் போகும்படி வைத்தேன். ஆணி இல்லை, செலவு இல்லை, பத்து நிமிட வேலை. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

இன்னொன்று, ட்ரெபிள் அதிகம் என்று நாம் நினைப்பது பல நேரம் பேஸ், அதாவது கீழ் சுருதி ஒலி, குறைவுதான். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறிப் போயிருந்தால் பேஸைத் தரும் பெரிய ஸ்பீக்கர்களான இரண்டு ஊஃபரும் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளும், பேஸ் காணாமல் போகும், மிஞ்சுவது கீச்சுச் சத்தம். நடுவில் உட்கார்ந்தால் பாடகர் குரல் நடுவிலிருந்து வர வேண்டும். வராமல் அந்தரத்தில் அலைந்தால் ஒயரைப் பாருங்கள். ஒயர் சரியாக இருந்தும் பேஸ் மெலிந்திருந்தால் ஸ்பீக்கரைப் பின்சுவர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், பேஸ் ஏறும்.

ட்ரெபிள் குமிழை முழுக்க இறக்கியும் குரல் மட்டும் குத்துகிறதா? அந்தக் குமிழ் பெரும்பாலும் உச்சத்தில் உள்ளதைத்தான் குறைக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை, அதற்குக் காதுத் துளையின் அமைப்பே ஒரு காரணம். அங்கே கூடியிருந்தால் ஈக்வலைசரில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) 3,000 பக்கம் 2 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பாட்டுக்கே அந்த நோய் இருக்கலாம், சத்தமாகத் தெரிய வேண்டும் என்று நசுக்கிப் பதிவு செய்தவை ஏராளம். அதற்கு வீட்டில் மருந்து இல்லை.

ஈக்வலைசர் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல் வருகிறது. என் தம்பி வாங்கிய புது ஆம்ப்பில் குமிழே கிடையாது. ஒரு பொத்தான், ஒரு விளக்கு. ட்ரெபிளைக் குறைக்க ஃபோனில் செயலி போட வேண்டுமாம். செயலி கணக்குத் தொடங்கச் சொல்கிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறது. நான் எங்கே இருந்தால் உனக்கென்ன? ஆம்ப்புக்கு எதிரில்தான் இருக்கிறேன். கையேடு என்று ஒரு துண்டுச்சீட்டு, அதிலும் ஒரு கட்டம் போட்ட படம், ஸ்கேன் செய்து படித்துக்கொள்ள வேண்டுமாம். சரி, விடுங்கள்.

ட்வீட்டரில் கை வைத்தே தீருவேன் என்றால், முதலில் ஸ்பீக்கரின் பின்புறம் பாருங்கள், சில மாடல்களில் ட்வீட்டரைக் குறைக்க ஸ்விட்ச்சே இருக்கும். இல்லையென்றால் 8 ஓம் ட்வீட்டருக்குத் தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 1 டெசிபல் குறையும், 2 ஓம் போட்டால் 2. ஒலி பிரியும் கிராஸ்ஓவர் புள்ளி கொஞ்சம் நகரும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். ஆமாம், நகரும். அது வேண்டாம் என்றால் எல்-பேட் (இரண்டு ரெசிஸ்டர் சேர்ந்த அமைப்பு) போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம், அதுதான் எனக்கு இதில் பிடித்தது. வாரண்டி இருந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள்.

விலை உயர்ந்த ஒயர் போட்டால் ட்ரெபிள் மென்மையாகும் என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் ஒலிப் பொறியாளர் இல்லை, என் காது 11,000-இல் நின்றுவிடுகிறது என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால் என்னோடு சண்டைக்கு வராதீர்கள். ஆனால் கார்பெட் விரித்ததை என் மனைவி உள்ளறையிலிருந்தே கண்டுபிடித்தாள், நான் சொல்லவில்லை.

இப்போது அவள் கூடத்திலேயே உட்கார்ந்து கேட்கிறாள். யாரும் இல்லாத நாட்களில் மட்டும் குமிழைப் பழைய இடத்துக்கு ஏற்றிக்கொள்கிறேன். வாசல் கதவு திறந்ததும் நடுவுக்கு இறங்கிவிடும். கதவுச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது, அது தாழ்ந்த அலைவரிசை.