சிறுத்தையா, சிவிங்கிப்புலியா? தான்சானியா போகிறவர்களுக்கு

கேள்வி: ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு தான்சானியா சஃபாரி போகிறோம். தரங்கிரே, மத்திய செரெங்கெட்டி, கோரோங்கோரோ மூன்றும் திட்டத்தில் உண்டு. சிறுத்தையையும் சிவிங்கிப்புலியையும் எப்படி அடையாளம் காண்பது? 'பிக் ஃபைவ்' ஐந்தையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முகத்தைப் பாருங்கள். சிவிங்கிப்புலிக்குக் கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு ஒன்று இறங்கும். சிறுத்தைக்கு அது கிடையாது. சிவிங்கியின் உடம்பில் மைப்பொட்டு வைத்தாற்போலத் தனித்தனிப் புள்ளிகள். சிறுத்தையின் மேல் இருப்பவையோ நடுவில் பழுப்பு தெரியும் வளையங்கள்.

முகம் தெரியாத தூரம் என்றால், நிற்கும் இடத்தை வைத்தே பெரும்பாலும் ஊகிக்கலாம். பட்டப்பகலில் வெட்டவெளியில், கறையான் புற்றின் மேல் ஏறி நோட்டம் விடுவது சிவிங்கி. மத்திய செரெங்கெட்டியின் செரொனெரா ஆற்றோர மரங்களில் கிளைமேல் படுத்திருப்பது சிறுத்தை. கிளைக்குக் கீழே தொங்கும் வாலைத் தேடுங்கள், அதுதான் முதலில் கண்ணில் படும்.

சிறுத்தை தன் இரையை மரத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். சிவிங்கிக்கு அந்தப் பலம் இல்லை. சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் இரையை விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். பகலில் அவற்றின் தொல்லை குறைவு என்பதால்தான் சிவிங்கி அப்போது வேட்டையாடுகிறது. அந்தப் பகல் நேரத்தில் பத்து வண்டிகள் சூழ்ந்துகொண்டால் வேட்டை கெடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். எனவே, "தள்ளியே நிறுத்துங்கள்" என்று உங்கள் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயணிகள் நெருங்கிப் போகச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் பல ஓட்டுநர்கள் நெருங்குகிறார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டதும் இதே சிவிங்கிதான்.

'பிக் ஃபைவ்' என்பது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்து போய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தான ஐந்து விலங்குகள் அதில் இருக்கின்றன. சிங்கம், யானை, காட்டெருமை மூன்றும் உங்கள் பாதையில் அநேகமாகத் தட்டுப்படும். சிறுத்தைக்குப் பொறுமை வேண்டும். காண்டாமிருகத்துக்கு கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில்தான் வாய்ப்பு அதிகம். அங்கும் பாதையை விட்டு வண்டி இறங்கக்கூடாது என்பதால் பெரும்பாலும் தொலைவில்தான் தெரியும். 8x42 பைனாகுலர் ஒன்றாவது கையில் இருக்கட்டும். காண்டாமிருகத்தில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு வகை உண்டு. பெயரை நம்பி நிறத்தைப் பார்க்காதீர்கள், இரண்டுமே சாம்பல்தான். உதட்டைப் பாருங்கள்: புதரில் தழை பறிக்கும் கறுப்புக்குக் கூர்மையான மேலுதடு, புல் மேயும் வெள்ளைக்கு அகன்ற வாய்.

பட்டியலில் இல்லாத ஒன்றுக்காக நான் வாதாடியே தீருவேன்: புள்ளிக் கழுதைப்புலி. அதைக் கண்டதும் "அடுத்ததுக்குப் போகலாம்" என்பவர்கள்தான் அதிகம். அது சிங்கத்தின் மிச்சத்தைத் தின்று பிழைக்கிறது என்ற நம்பிக்கை 1960-களிலேயே உடைந்துவிட்டது. அப்போது ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் கோரோங்கோரோவிலும் செரெங்கெட்டியிலும் கழுதைப்புலிகளை இரவிரவாகப் பின்தொடர்ந்து பார்த்தார். கோரோங்கோரோவில் அவை பெரும்பாலும் தாமே வேட்டையாடின. அவை கொன்றதைப் பிடுங்கித் தின்றவை பல நேரம் சிங்கங்கள்! கூட்டத்தில் பெண்களே பெரியவை, அதிகாரமும் அவற்றுக்கே. வளை ஒன்று கண்ணில் பட்டால் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். கரிய குட்டிகள் வெளியே வரும்.

யானைக்கு தரங்கிரேதான். ஆகஸ்ட் வறட்சியில் மந்தை மந்தையாக ஆற்றுக்கு வரும். நம் ஊரில் தந்தம் ஆணுக்கு மட்டும்தான். இங்கே பெண்ணுக்கும் உண்டு. அதனால் தந்தத்தை வைத்து ஆண், பெண் சொல்லாதீர்கள். வழிநடத்துவது பெரும்பாலும் மூத்த பெண் யானை. அது தலை தூக்கிக் காதை விரித்து உங்களைப் பார்த்தால், பேச்சை நிறுத்திவிட்டு அசையாமல் இருங்கள்.

வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காட்சியை உங்கள் திட்டத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஆகஸ்டில் அவை வடக்கே மாரா ஆற்றுப் பக்கம் இருக்கும். அதுதான் முக்கியம் என்றால் தரங்கிரேயை விட்டுவிட்டு வடக்கு செரெங்கெட்டியின் கோகடெண்டேயில் இரண்டு இரவு தங்குங்கள். யானை போதும் என்றால் மாற்ற வேண்டாம்.

உடை விஷயத்தில் ஒன்று: தரங்கிரேயில் செட்சி ஈ கடிக்கும், கருநீலமும் கறுப்பும் அதை ஈர்க்கும். காக்கி, பழுப்பு உடுத்துங்கள். கோரோங்கோரோ விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குழந்தைகளுக்கு விடியற்காலைக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம்.