கேள்வி – பதில்: கடன் வாங்கிப் போட்ட புத்தகம்

கேள்வி: பேய்க்கதை எழுதுகிறவர் பதிப்பகமும் நடத்திப் பிழைக்க முடியுமா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: ஆகஸ்ட் டெர்லத் பிழைத்தார், ஆனால் பேய்க்கதையை மட்டும் நம்பி இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து சாக் சிட்டிக்காரர். பதினேழு வயதிலேயே ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் இவர் கதை வந்துவிட்டது. 1937-இல் கடிதம் வழியாகவே பழகிய நண்பர், திகில் கதை எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் இறந்துபோக, அவர் கதைகளைத் தொகுத்துப் பெரிய பதிப்பகங்களிடம் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. சரி, நாமே போடுவோம் என்று சக எழுத்தாளர் டொனால்ட் வான்ட்ரேயைச் சேர்த்துக்கொண்டு 1939-இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். வீடு கட்ட வாங்கிய வங்கிக் கடனில் ஒரு பகுதி இதற்குப் போனது! முதல் புத்தகமான அந்த லவ்கிராஃப்ட் தொகுப்பை அச்சிட்டது 1,268 பிரதி, விலை ஐந்து டாலர். தடிமனான புத்தகம், அந்தக் காலத்துக்கு ஐந்து டாலர் அதிகம்தான், விற்றுத் தீர நாலு வருஷம் பிடித்தது. இன்றைக்கு அதே பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார்கள்.

அப்புறம் 1947-இல், பின்னாளில் அறிவியல் புனைகதைக்குப் பேர்போன ரே பிராட்பரியின் முதல் புத்தகத்தையும் இவர்தான் போட்டார். நாவல், கவிதை, துப்பறியும் கதை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எழுதி, அந்தப் பணத்தைப் பதிப்பகத்தில் கொட்டினார். 1971-இல் இறக்கும்வரை இதே கதைதான்.

ஒரு குறையும் உண்டு. லவ்கிராஃப்டின் சின்னக் குறிப்புகளை வைத்துத் தானே கதை எழுதி இருவர் பெயரிலும் வெளியிட்டார். பதிப்பாளராக அவரைக் கும்பிடலாம், அந்தக் கதைகளை என்னால் ரசிக்க முடியவில்லை.