செமினாரில் 10 நிமிடம் பேச வேண்டும். ஸ்லைடு தயார், ஆனால் எழுந்து நின்றால் பேச்சு வரவில்லை. எப்படித் தயாராவது?

"ஸ்லைடு தயார்" என்கிறீர்களே, சிக்கலே அங்கேதான். ஸ்லைடை முதலில் செய்துவிட்டால் பேச்சு அதற்கு விளக்கவுரை ஆகிவிடும். லேப்டாப்பை மூடிவிட்டு, கேட்டவர் மனதில் தங்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதுங்கள். "சோப்பின் வேதியியல்" என்பது வெறும் தலைப்பு. "சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும், அதனால்தான் பிசுக்கு நீரோடு போகிறது" என்பதுதான் வாக்கியம். இதற்கு உதவாத ஸ்லைடை, எவ்வளவு பாடுபட்டுச் செய்திருந்தாலும், தூக்கிவிடுங்கள். (சோப்பின் வரலாறுதான் வழக்கமாக முதல் பலி.)

10 நிமிடம் கொடுத்தால் 8 நிமிடத்துக்குத் தயாரியுங்கள். மைக், புரொஜெக்டர், நடுவில் ஒரு கேள்வி என்று மீதி தானாகவே கரைந்துவிடும். எத்தனை சொல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, நிதானமாக உரக்கப் படித்துச் சொற்களை எண்ணுங்கள். 90 வந்தால், 8 நிமிடத்துக்கு 720. அதற்கு மேல் வைத்திருப்பதெல்லாம் உங்களை மூச்சிரைக்க ஓடவைக்கும்.

முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவது மொத்தமும் அறுந்துபோகும். மனப்பாடமாக இருக்க வேண்டியது முதல் மூன்று வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் மட்டுமே. படபடப்பு அதிகமாக இருப்பது தொடக்கத்தில்தான். அந்த மூன்றில் "என் தலைப்பு இது, முதலில் வரையறையைப் பார்ப்போம்" வேண்டாம். "எண்ணெய்க் கையைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு போகாது. சோப்பு பட்டதும் போய்விடுகிறது. சோப்பு அப்படி என்ன செய்கிறது?" என்று நேராக இறங்குங்கள். நடுப்பகுதிக்கு உள்ளங்கை அளவு அட்டையில், பகுதிக்கு இரண்டு மூன்று சொல், பெரிய எழுத்தில் போதும். ஏ4 தாளைக் கையில் பிடிக்காதீர்கள், அது நடுக்கத்தைப் பத்து மடங்காகக் காட்டும்.

ஒத்திகை என்பது மனதுக்குள் வாசிப்பது இல்லை. நின்றுகொண்டு, வாய்விட்டு, ஸ்லைடை மாற்றிக்கொண்டே குறைந்தது மூன்று முறை. முதல் முறை அநேகமாக நேரம் தாண்டும், வெட்டுங்கள். இரண்டாவது முறை, 4வது நிமிடத்தில் எந்த ஸ்லைடில் நிற்கிறீர்கள் என்று அட்டையில் குறியுங்கள். அன்றைக்குப் பின்தங்கினால் எந்த ஸ்லைடைத் தாண்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மூன்றாவது முறை போனில் பதிவு செய்து கேளுங்கள், குறிப்பாக வாக்கிய முடிவுகளை. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். மூச்சு தீர்ந்து குரல் அங்கே இறங்கினால், பின்வரிசைக்காரருக்கு நீங்கள் சொன்னது "கரையும்" என்பதா "கரையாது" என்பதா என்றே தெரியாது. நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைத்தாலே இது பாதி சரியாகும்.

ஸ்லைடு இப்போதுதான். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. பத்தி பத்தியாகப் போட்டால் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் படித்து முடித்திருப்பார்கள், பிறகு உங்களை ஏன் கேட்க வேண்டும்? வரைபடம் வந்தால் முதலில் கிடை அச்சு என்ன, செங்குத்து அச்சு என்ன என்று சொல்லிவிட்டு முடிவுக்குப் போங்கள். தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டம் கட்டமாகச் சிதறலாம், அதனால் ஒரு பிடிஎஃப் நகல் கையில் இருக்கட்டும். பவர்பாயிண்டில் காட்டிக்கொண்டிருக்கும்போது கீபோர்டில் 'பி' (B) எழுத்தைத் தட்டினால் திரை கருப்பாகும், கண்கள் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு திரும்பி வரும்.

கேள்வி வந்தால் முழுதாகக் கேட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். யோசிக்க சில நொடி கிடைக்கும், கேள்வியைத் தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். தெரியாததற்குச் சுற்றி வளைக்காதீர்கள். "இதுவரை தெரியும், அதற்கு மேல் பார்க்க வேண்டும்" என்றால் போதும், ஆசிரியர் அதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது அரிது. பதிலை, கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, மற்றவர்களைப் பார்த்து முடியுங்கள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் அடுத்த கேள்வியைப் போடுவார், மீதி வகுப்பு போனை எடுத்துவிடும்.