உப்புப் பொரியும் சுவரும் பிரெஞ்சு அடுப்படியும்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "உம்மம்மா வழியில் எனக்கு வந்த வீடு, முற்றம் வைத்தது, சுண்ணாம்புச் சுவர். அடுப்படியைப் பிரெஞ்சு கிளாசிக் பாணியில் மாற்ற ஆசை. வெண்ணெய் நிற அலமாரி, வெள்ளை மார்பிள், தொங்கும் செம்புப் பாத்திரங்கள். ஆனால் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பொரிகிறது. சிமெண்ட் பூசி, அதன்மேல் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் மாடுலர் கிச்சன் அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?"

வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். காற்றுப் பட்டால் ஈரம் வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். இடுப்பளவில் நிற்கும் ஓதம் தோளளவுக்கு ஏறும். அதன் முன்னால் எம்.டி.எஃப். பலகையை ஒட்டினால் இரண்டு மழைக்காலம் தாங்காது, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிவிடும்.

நீங்கள் ஆசைப்படும் பாணியிலேயே இதற்கு வழி இருக்கிறது. பழைய பிரெஞ்சு கிராமத்து அடுப்படியில் பெரும்பாலானவை தனித்தனி மரச்சாமான்கள்தான்: நடுவில் கனமான மேசை, பீரோ போல உயர்ந்த அலமாரி, தட்டு அடுக்கும் சட்டம். சுவரோடு சுவராக வரிசை கட்டும் இன்றைய கிச்சனுக்கு முன்னோடி 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் வந்தது. அதனால் அலமாரிகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, அரை அடி உயரக் கால்களில் நிறுத்துங்கள். சுவருக்குக் காற்று, உங்களுக்கு நிஜமான பிரெஞ்சுத் தோற்றம். வீட்டில் பழைய பர்மா தேக்குக் கதவு ஏதும் சும்மா கிடந்தால் ஆசாரியிடம் அதைக் கொடுங்கள்.

சுவர் வேலைதான் முதலில். பொரிந்த பூச்சை, ஓதம் ஏறிய இடத்துக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுத்து, கோடை முழுக்கக் காய விடுங்கள். அப்புறம் சுண்ணாம்புச் சாந்து. கடல் மணல் கூடவே கூடாது. உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால், லாரித் தண்ணீர் வாங்கித்தான் சாந்து குழைக்க வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் உப்பை நாமே சுவருக்குள் பூசியதாகிவிடும். கச்சான் எனும் மேல்காற்றில் பூச்சு சட்டென்று காய்ந்து வெடிக்கும், ஈரச்சாக்குக் கட்டி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவது நல்லது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காமல், சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து அடியுங்கள். நீங்கள் கேட்ட வெண்ணெய் நிறம் அதிலேயே வந்துவிடும்.

மார்பிள் என்றதும் எனக்குப் புளிதான் நினைவுக்கு வருகிறது. மார்பிளும் சுண்ணாம்புக் கல்தான், புளித்தண்ணீரோ எலுமிச்சையோ பட்ட இடம் பளபளப்புப் போய் மங்கிவிடும். தினமும் மீன் ஆணம் (குழம்பு) வைக்கிற வீடு இல்லையா? அடுப்புப் பக்கமும் தொட்டிப் பக்கமும் கறுப்பு கிரானைட் போடுங்கள். மார்பிள் ஆசைக்கு நடு மேசையில் ஒரு துண்டு போதும். பிரெஞ்சுக்காரர்களும் மாவு உருட்டத்தான் அதைத் தேடினார்கள், கல் குளிர்ச்சியாக இருப்பதால். உங்களுக்குப் பரோட்டா மாவுக்கு ஆகும்.

கீல், திருகாணி எல்லாம் பித்தளை; ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 316 ரகம் கேளுங்கள், 304 கடல்காற்றில் புள்ளிப் புள்ளியாகத் துருவேறும். ராமேசுவரத்தில் ஒரு வீட்டுக்கு நான் சாதாரணக் கீலை விட்டுவிட்டேன். ஒரே வருடத்தில் கதவு கையோடு வந்தது. தரைக்கு அறுகோணச் சுடுமண் ஓடு. பிரான்சின் புரோவான்ஸ் பக்கத்து வீடுகளில் இருப்பதும் அதுதான்.

செம்பு? தொங்கவிடலாம், ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் கறுக்கும். உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசாத செம்பில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது, பூச்சும் தேயத் தேயப் புதுப்பிக்க வேண்டும். ஆணத்துக்கு மண்சட்டியே இருக்கட்டும். ஈயம் பூசுகிறவர் பக்கத்தில் கிடைக்கிறாரா என்று விசாரித்துவிட்டு, எத்தனை பாத்திரம் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.