வாரப் பெட்டியில் போகும் காய்கறி மூன்றாம் நாளே ஏன் வாடுகிறது?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் காய்கறியும் கீரையும் கொஞ்சம் வாழையும் போட்டிருக்கிறேன். வாரம் ஒரு நாள் நாற்பது வீடுகளுக்குப் பெட்டி போட்டு நேரடியாகக் கொடுக்கிறேன். அடுத்த பெட்டி வரும்வரை அதை வைத்துத்தான் அவர்கள் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். அப்புறம் புகார்தான். கொத்தமல்லி மஞ்சளாகிறது, கீரை அழுகி நாறுகிறது, வெள்ளரியில் குழி விழுந்து வழவழவென்று ஆகிறது, கேரட் துவண்டு போகிறது, தக்காளியில் ருசியே இல்லை என்கிறார்கள். நான் முந்தின நாள் பிற்பகல் பறிக்கிறேன். கீரையை நன்றாகக் கழுவி பிளாஸ்டிக் பையில் கட்டுகிறேன். பழுத்த வாழைப்பழத்தையும் அதே பெட்டியில் வைக்கிறேன். எல்லாவற்றையும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்புகிறேன். தவறு என்னிடமா, அவர்களிடமா?

பதில்: ஃப்ரிட்ஜ் விஷயத்தில் அவர்கள் நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே பெரும்பகுதி உங்களிடம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், திருத்துவதற்கும் அதுதான் வசதி; நாற்பது வீட்டைத் திருத்துவதைவிட ஒரு வயலைத் திருத்துவது சுலபம். புகார்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியது நல்லதாகப் போயிற்று. "சீக்கிரம் கெட்டுப்போகிறது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் என்னால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. நீங்கள் சொன்ன ஐந்துக்கும் காரணம் ஒன்றல்ல.

முதலில் பறிக்கும் நேரம். பறித்த பிறகும் கீரையும் காயும் உயிரோடுதான் இருக்கின்றன, மூச்சு விடுகின்றன. சேர்த்து வைத்த சர்க்கரையை எரிக்கின்றன, சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடுகின்றன. வேரிலிருந்து வரவு நின்றுவிட்டது, செலவு மட்டும் ஓடுகிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் இந்தச் செலவு இரண்டு முதல் மூன்று மடங்காகும். 30 டிகிரியில் 12 மணி நேரம் கிடந்த கீரை, 5 டிகிரியில் ஏறக்குறைய மூன்று நாள் இருந்த அளவுக்குக் கிழடு தட்டியிருக்கும். இது குறைத்துப் போட்ட கணக்கு. அதாவது உங்கள் வாடிக்கையாளர் பெட்டியைத் திறக்கும் முன்பே அவருடைய பாதி வாரத்தை நீங்கள் செலவழித்துவிடுகிறீர்கள். நம்பிக்கை வராவிட்டால் அடுத்த முறை இரவில் கீரைக் குவியலின் நடுவே கையை விட்டுப் பாருங்கள், வெளிக்காற்றைவிட உள்ளே சூடாக இருக்கும்.

பெட்டி போகிற அன்று விடியற்காலையில் அறுங்கள். அந்த நேரத்தில் இலை இரவெல்லாம் குடித்த தண்ணீரோடு விறைப்பாக நிற்கும், வெயில் சூடும் ஏறியிருக்காது. நாற்பது பெட்டிக்கு ஆள் போதாது என்றால் எல்லாவற்றையும் விடியலில் பறிக்க வேண்டாம். பூசணி, வெங்காயம், கிழங்கு, தக்காளி இவற்றை முந்தின நாளே எடுத்து நிழலில் வைக்கலாம். கீரை, கொத்தமல்லி, பீன்ஸ், வெண்டை, இனிப்புச் சோளம் ஆகியவை மட்டும் காலைக்கு. இனிப்புச் சோளத்தில் அவசரம் கொஞ்சம் அதிகம். 30 டிகிரியில் கிடந்தால் ஒரே நாளில் அதன் சர்க்கரையில் பாதிக்கு மேல் மாவாகிவிடும். மாலையில் பறித்தே ஆக வேண்டிய கீரையானால், வெயில் இறங்கிய பிறகு அறுத்து, நிழலில் குவிக்காமல் பரப்பி, மேலே நனைத்துப் பிழிந்த சாக்கைப் போடுங்கள். இன்னொன்று, அறுவடைக்குச் சில நாள் முன்பு பச்சை ஏறட்டும் என்று யூரியா போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்படி வளர்ந்த இலை பார்க்கத் தளதளவென்று இருக்கும், திசு மெல்லியது, முதலில் அழுகுவது அதுதான்.

அழுகலுக்கு நேரடிக் காரணம் கழுவல். கழுவுவது குற்றமில்லை, ஈரத்தோடு கட்டுவதுதான் குற்றம். கீரைக்குச் சுற்றியுள்ள காற்றில் ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் வாடும். ஆனால் இலைமேல் தண்ணீர்ப் படலம் நிற்கக் கூடாது, நின்றால் அழுகல் பாக்டீரியாவுக்கு விருந்து. மண்ணை உதறி, வேரை நறுக்கி, பழுத்த இலையையும் கசங்கிய இலையையும் எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. சேறு ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் அலசி, தலைகீழாகச் சாய்த்து, சொட்டுவது நின்ற பிறகு கட்டுங்கள். பையில் ஆறேழு துளை போடுங்கள். உள்ளே ஒரு காகிதமோ மெல்லிய துணியோ இருந்தால் வியர்க்கும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். வீட்டில் சமைக்கும்போது கழுவினால் போதும் என்று எழுதி அனுப்புங்கள். கொத்தமல்லி, புதினாவை மட்டும் வேறு மாதிரி வைக்கச் சொல்லலாம். தண்டின் அடியை நறுக்கி, இரண்டு விரல்கடைத் தண்ணீர் உள்ள டம்ளரில் நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றினால் வாரம் தாங்கும்.

கழுவல் என்றதும் தக்காளி பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் பறித்த சூடான தக்காளியைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது காம்பு வடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரில் உள்ள கிருமியும் கூடவே போகும். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளேயிருந்து அழுகும் தக்காளிக்கு இது ஒரு காரணம். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தக்காளியைவிடச் சற்றுச் சூடாக இருக்கட்டும்.

கொத்தமல்லி மஞ்சளாவதற்கு, சூடு போக, இன்னொரு குற்றவாளி உண்டு. உங்கள் வாழைப்பழம். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, அந்த அளவில் மூக்குக்கும் தெரியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் இலைக்குத் தெரியும். தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்த காலத்தில், குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் அகாலத்தில் இலையை உதிர்த்தன. அந்த வாயுவில் வேலை செய்வது எத்திலீன்தான் என்று ரஷ்ய விஞ்ஞானி நெல்யூபோவ் 1901இல் பட்டாணி நாற்றுகளை வைத்துக் காட்டினார். பழமே அதை உண்டாக்குகிறது என்பது 1934இல்தான் உறுதியானது. மூடிய பெட்டிக்குள் பழுத்த வாழைச் சீப்பும் கீரைக்கட்டும் ஒன்றாகப் பயணம் செய்வது, அந்தக் கசிந்த குழாய்க்கு அடியில் கீரை பயிரிடுவது போல.

வாழை, ஆப்பிள், பப்பாளி, மாம்பழம், கொய்யா, தக்காளி இவையெல்லாம் பழுக்கும்போது எத்திலீன் விடுபவை. கீரை வகை, கொத்தமல்லி, வெள்ளரி, ப்ராக்கோலி ஆகியவை அதனால் பாதிக்கப்படுபவை. கேரட் மஞ்சளாகாது, ஆனால் ஆப்பிளோடு நாள்கணக்கில் கிடந்தால் கசக்கும். கேரட் கசக்கிறது என்று விதையைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாழைப்பழத்தைத் தனிப் பையில், பெட்டிக்கு வெளியே கொடுங்கள். முற்றிய காயாகவே கொடுத்தால் இன்னும் நல்லது, வீட்டிலேயே வரிசையாகப் பழுக்கும். பழக்கூடை காய்கறிக்கு எட்ட இருக்கட்டும் என்று சொல்லுங்கள். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை போன்றவை பறித்த பிறகு பழுப்பவை அல்ல, எத்திலீனும் மிகக் குறைவு. அவற்றை ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை.

இனி வெள்ளரி. இது நீங்கள் சொன்ன அறிவுரையின் பலன். வீட்டு ஃப்ரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் ஓடுகிறது. கீரைக்கும் கேரட்டுக்கும் அது சொர்க்கம். வெள்ளரியும் கத்தரியும் 10 டிகிரிக்குக் கீழே போனால் பாதிக்கப்படும், வெண்டை 7 டிகிரிக்குக் கீழே, வாழையும் சர்க்கரைவள்ளியும் 13க்குக் கீழே. வெப்பத்தில் வளர்ந்த செடிகளின் காய்கள் இவை, குளிரில் இவற்றின் செல் சவ்வு சேதமாகிவிடும். குழி விழுவது, தோல் கறுப்பது, நீர் கோத்து வழவழப்பது எல்லாம் அதன் அடையாளம். வேடிக்கை என்னவென்றால், ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும்வரை காய் நன்றாகவே தெரியும். வெளியே எடுத்து வைத்த சில மணி நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். அதனால்தான் வீட்டுக்காரர் உங்கள் காய்மேல் சந்தேகப்படுகிறார்.

வெள்ளரி, கத்தரி, வெண்டையை முதல் இரண்டு மூன்று நாளிலேயே சமைத்துவிடுவதுதான் சுலபமான வழி. அதுவரை வீட்டில் குளுமையான மூலையில் இருக்கலாம். கடும் வெயில் காலமென்றால் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்கலாம், அதுதான் உள்ளேயே கொஞ்சம் சூடான இடம். பின்சுவரை ஒட்டி எதையும் வைக்க வேண்டாம், அங்கே கீரைகூட உறையும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடும் உங்கள் நாற்பதில் இருக்கலாம். அவர்களுக்கு இரட்டைப் பானை போதும்: பெரிய மண்பானைக்குள் சின்னது, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இதைப் பரப்பி, 2000இல் ரோலக்ஸ் விருது பெற்றார். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். காற்று வறண்டிருந்தால்தான் இது வேலை செய்யும், மழைக்காலத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

தக்காளியின் ருசியைத் தின்றதும் அதே குளிர்தான். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்தபோது மணம் தரும் பொருள்கள் குறைந்தன. வெளியே எடுத்து அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்தும் பழைய மணம் திரும்பவில்லை. சர்க்கரையும் புளிப்பும் அவ்வளவாக மாறவில்லை, போனது மணம். "சப்பென்று இருக்கிறது" என்று உங்கள் வாடிக்கையாளர் சொல்வது இதைத்தான். பெட்டியில் பாதி செங்காய், பாதி பழம் என்று கலந்து போடுங்கள், வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் பழுத்து வரும். வெளியில், நேர் வெயில் படாமல், காம்பு வடு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காகப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். தக்காளி இழக்கும் ஈரத்தில் பெரும்பகுதி அந்த வடு வழியாகத்தான் போகிறது. முழுக்கப் பழுத்துப்போனது மட்டும் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். அழுகிப்போவதைவிட மணம் குறைவது தேவலை.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு மருந்து கத்திதான். பச்சை இலையோடு கொடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் அந்த இலை கிழங்கிலிருந்து தண்ணீரை இழுத்துக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். வயலிலேயே நறுக்கிவிடுங்கள். பீட்ரூட்டில் மட்டும் ஒரு அங்குலம் தண்டு விடுங்கள், இல்லையென்றால் சாயம் ஒழுகும். ஏற்கெனவே துவண்ட கேரட்டைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மறுபடி விறைக்கும்.

உருளையும் வெங்காயமும் கொடுக்கிறீர்களானால், இரண்டுக்கும் இருட்டும் காற்றோட்டமும் வேண்டும், ஒரே கூடை வேண்டாம். உருளையின் ஈரத்தில் வெங்காயம் கெடும். வெளிச்சத்தில் பச்சையாகும் உருளையில் சோலனின் என்ற நச்சு கூடும், அதனால் அதைச் சமைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்த உருளையில் மாவு சர்க்கரையாகி, பொரிக்கும்போது கறுக்கும்.

பெட்டியோடு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு போடுங்கள். எதை எங்கே வைப்பது, எதை முதலில் சமைப்பது, அவ்வளவுதான். கீரை, வெண்டை, வெள்ளரி முதலில். பீன்ஸ், காலிஃப்ளவர் நடுவில். கேரட், முட்டைக்கோஸ், பூசணி கடைசியில். நறுக்கிய காயை எதுவாயினும் மூடி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள், வெட்டியபின் வெளியில் வைக்கும் பேச்சே இல்லை. அடுத்த வாரம் நாற்பத்தொன்றாவதாக ஒரு பெட்டி கட்டி உங்கள் வீட்டிலேயே இறக்கி, சீட்டில் எழுதியபடியே வையுங்கள். எது எந்த நாளில் வாடுகிறது என்று பெட்டி மூடியிலேயே குறித்து எனக்கு எழுதுங்கள். கொத்தமல்லி அப்போதும் மூன்றாம் நாளே மஞ்சளானால், உங்கள் விதையையும் வெட்டும் வயதையும் பார்க்க வேண்டியிருக்கும்.