கோத்தகிரி முதுகலை வரலாற்று மாணவருக்கு: ஆய்வேடு எழுதுவது பற்றி

வணக்கம். நீலகிரியில் தேயிலை வந்த பின் படுகர் வேளாண்மை மாறியது குறித்த ஆய்வேட்டை முடிக்க முடியாமல், தட்டச்சு நிலையம் ஒன்றில் பணம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தாலே நடவடிக்கை உண்டு. அதைத் தப்பினாலும், வாய்மொழித் தேர்வில் பிறர் எழுதியதற்கு நீங்கள் எப்படி விளக்கம் தருவீர்கள்?

உங்கள் சிக்கல் எழுத்தில் இல்லை, தலைப்பின் அகலத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. மாவட்டம் முழுவதையும் விட்டுவிட்டு, கோத்தகிரியைச் சுற்றிய படுகர் ஊர்களின் தொகுதியான பொறங்காடு சீமையின் ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அங்கு சாமையும் கோதுமையும் விளைந்த நிலம் எப்போது, யாரால் தேயிலைக்கு மாறியது என்று மட்டும் கேளுங்கள். ஆங்கிலேய அதிகாரி கிரிக் எழுதி 1880இல் வெளிவந்த நீலகிரி மாவட்டக் கையேடும் 1908ஆம் ஆண்டு மாவட்ட விவரச்சுவடியும் (கெசட்டியர்) பழைய நிலையைக் காட்டும். பிந்தைய நிலையை ஊர்ப் பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும். அவர்களிடம் பேசிய அன்றிரவே, பெயரும் நாளும் குறித்து எழுதி வைத்துவிடுங்கள். (மழைக்காலத்தில் மின்சாரத்தை நம்பாதீர்கள், குறிப்பேடே போதும்.)

முந்தைய முனைவர் பட்ட ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா (Shodhganga) இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அவற்றின் துணைநூற்பட்டியல்களே உங்களுக்கு வழிகாட்டும். நெறியாளரிடம் முழு ஏட்டையும் காட்டக் காத்திராமல், முதல் இயலின் நான்கு பக்கங்களை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.