மாஸ்கோவில் ரூபிள் சரிந்தால் கோத்தகிரியில் பசுந்தேயிலை விலை ஏன் விழுகிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "பசுந்தேயிலை விலை குறையும்போதெல்லாம் ரஷ்யா, ஈரான், பாகிஸ்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். பன்னாட்டு உறவுகள் பாடத்தில் வரும் 'பரஸ்பரச் சார்பு' இதுதானா?"

இதுதான். ஆனால் நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் புரியும். யார் கூடுதலாகச் சார்ந்திருக்கிறார், உறவு முறிந்தால் யாருக்கு வேறு வழி இருக்கிறது என்ற இடத்தில்தான் அரசியல் தொடங்குகிறது.

முதலில் கணக்கு. உங்கள் இலைக்கு விலை குன்னூர் ஏலத்திலிருந்து வருகிறது. வாரம்தோறும் வியாழன், வெள்ளியில் நடக்கும் ஏலத்தின் சராசரியில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்பது தேயிலை வாரியத்தின் பங்கீடு. தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொள்வோம். விவசாயி பங்கு 65. நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் கிடைத்தால் இலைக்குக் கிலோ 16 ரூபாய் 25 பைசா. கரட்டு இலை (முற்றித் தடித்த இலை) கலந்து நாலரை கிலோ தேவைப்பட்டால் 14 ரூபாய் 44 பைசாதான். ஏலத்தில் தூள் விலை பத்து ரூபாய் இறங்கினால் இலையில் சுமார் ஒன்றரை ரூபாய் போகும். பறிகூலியும் உரச்செலவும் அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை.

பன்னாட்டு உறவுகள் அறிஞர்கள் ராபர்ட் கோஹேன், ஜோசப் நை இருவரும் 1977இல் இந்தச் சார்பை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். வெளியே நடந்த ஒன்று நம்மை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு பலமாகத் தாக்குகிறது என்பது ஒன்று. நம் ஏற்பாட்டை மாற்றிக்கொண்ட பிறகும் அந்த அடி எவ்வளவு மிஞ்சுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகாரத்தைத் தீர்மானிக்கிறது. தேயிலையில் இது அப்பட்டமாகத் தெரியும். வாங்குபவர் அடுத்த வாரமே வேறு ஏலத்துக்குப் போகலாம். செடியோ ஐம்பது ஆண்டுக்கு மேல் மண்ணில் நிற்பது. பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால், பறிக்கிற பக்குவத்துக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் சிடிசி தூளுக்கு (இலையை எந்திரத்தில் வெட்டிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும் மணித்தூள்) அது நல்ல சந்தையாக இருந்தது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்டதும் பாகிஸ்தான் இந்தியாவோடு வணிகத்தை நிறுத்தியது. அங்கே யாரும் தேநீரை விட்டுவிடவில்லை. அவர்களுக்கு வரும் தேயிலையில் பெரும்பகுதி ஏற்கெனவே கென்யாவின் மொம்பாசா ஏலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மீதியையும் அங்கேயே நிரப்பிக்கொள்ள முடிந்தது. அவர்களுக்கு மாற்று தயாராக இருந்தது, குன்னூருக்கு இல்லை.

சோவியத் காலத்தில் நிலைமை வேறு. எண்ணெயும் ஆயுதமும் அங்கிருந்து வந்தன, தேயிலையும் தோலும் இங்கிருந்து போயின, கணக்கு ரூபாயில் தீர்ந்தது. டாலர் தேவைப்படவில்லை, தரத்தைப் பற்றிய கெடுபிடியும் குறைவு. அந்த நம்பிக்கையில் நீலகிரியில் சிடிசி ஆலைகள் பெருகின. காய்கறி விளைந்த நிலங்களும் தேயிலைக்கு மாறின. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிள் மதிப்பு சரிந்ததும் ரஷ்ய வணிகர்களின் வாங்கும் திறன் வீழ்ந்தது. 1990களின் கடைசியில் இலை விலை சரிந்ததற்கு இது ஒன்றே காரணம் அல்ல. தரமும் உள்நாட்டு உற்பத்திப் பெருக்கமும் சேர்ந்துகொண்டன. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி ஒரு மாவட்டமே தன் பயிரை அமைத்துக்கொண்டது அரசுகளுக்கு இடையிலான ஓர் ஒப்பந்தத்தின் மேல் வைத்த நம்பிக்கையால்தான்.

ஈரான் கதை இன்னும் நுட்பமானது. பொருளுக்கு ஆளிருந்தும் பணம் வந்துசேரும் வழி அடைபட்டது அங்கேதான். 2012இல் ஓர் ஏற்பாடு வந்தது. ஈரானிய எண்ணெய்க்கான பணத்தின் ஒரு பகுதியை இந்திய நிறுவனங்கள் யூகோ வங்கியில் ரூபாயாகச் செலுத்தின. ஈரான் அந்தக் கணக்கிலிருந்தே இந்தியத் தேயிலைக்கும் அரிசிக்கும் பணம் கொடுத்தது. நியூயார்க் வங்கி எதுவும் இடையில் வரவில்லை. ஈரான் மேல் அமெரிக்கா போட்டிருந்த தடைகளை மீறாமல் எண்ணெய் வாங்க இந்தியாவுக்குத் தந்திருந்த விலக்கு 2019 மே மாதம் முடிந்தது. இந்தியா எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. அதன்பின் கணக்கில் புதிய ரூபாய் விழவில்லை, இருப்பு கரைந்தது, சரக்கு அனுப்ப ஏற்றுமதியாளர்கள் தயங்கினார்கள். தேயிலைக்கு யாரும் தடை போடவில்லை. எண்ணெயை நிறுத்தினார்கள், தேயிலைக்கான பணம் நின்றது.

ஈரான் வாங்குவது ஆர்த்தடாக்ஸ் வகை (வெட்டாமல் இலையை உருட்டிச் செய்யும் தேயிலை), அதிலும் அதிகம் அசாமுடையது. நமக்கென்ன என்று இருக்க முடியாது. ஆர்த்தடாக்ஸ் வெளியே போகாவிட்டால் இரண்டும் செய்யக்கூடிய ஆலைகள் சிடிசிக்குத் திரும்பும். உள்நாட்டுச் சந்தையில் சிடிசி குவிந்தால் குன்னூர் விலையும் அழுத்தப்படும்.

இதே கணக்கை இலங்கை வேறு விதமாகத் தீர்த்தது. ஈரானுக்குத் தரவேண்டிய 25 கோடியே 10 லட்சம் டாலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையாகக் கொடுக்க 2021 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்து, சில மாதங்களில் பின்வாங்கியது. 2022இல் அங்கே உற்பத்தி குறைந்தபோது இந்திய ஆர்த்தடாக்ஸுக்கு வாய்ப்பு திறந்தது. நீலகிரியில் பல ஆலைகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. சிடிசி எந்திரத்தில் ஆர்த்தடாக்ஸ் செய்ய முடியாது: உருட்டு மேசை வேண்டும், இலையை இன்னும் நன்றாக வாட்ட வேண்டும், அதற்குக் கூடுதல் வாட்டும் தொட்டிகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு இலை ஒரு கொழுந்தாகப் பறித்த இலை வேண்டும். கரட்டு இலையோடு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மாற்று வழி என்பது இங்கே எந்திரமும் பறிக்கும் கையும்தான்.

தரவிதிகளும் அதிகாரம்தான். பெரிய சந்தை உள்ளவர் எழுதும் விதி மற்றவருக்குச் சட்டம்போல ஆகிவிடும். தேயிலையில் ஆந்த்ராகுவினோன் என்ற வேதிப்பொருள் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. இதைத் தோட்டத்தில் யாரும் தெளிப்பதில்லை. பெரும்பாலும் விறகுப் புகையிலிருந்து ஒட்டிக்கொள்கிறது. உலர்த்தும் எந்திரத்துக்கு வெப்பக்காற்று தரும் அடுப்பின் குழாய்களில் விரிசல் விட்டால் புகை காற்றோடு கலந்து தூளில் இறங்கும். பருவம் தொடங்கும் முன் குழாய்களைச் சோதித்து விரிசல்களை வெல்டிங் செய்து அடைப்பது, புகைபோக்கியைத் தூர்வாருவது, ஈர விறகைத் தவிர்ப்பது, சாக்குகளை அடுப்புப் பக்கம் அடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் வேலை. பூச்சிமருந்து எச்சம் விவசாயி கையில் இருக்கிறது. வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள மருந்தையே அடித்து, நாளையும் அளவையும் எழுதிவைத்து, இடைவெளி விட்டுப் பறிக்க வேண்டும். கூட்டுறவு ஆலையில் எல்லோர் இலையும் ஒரே தொட்டியில் கொட்டப்படுவதால், ஒருவர் அவசரப்பட்டால் மொத்தச் சரக்கும் திரும்பிவரும்.

உரத்திலும் இதே சார்பு உண்டு. இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் இறக்குமதியாகிறது. பெலாரஸ், ரஷ்யா, கனடா முக்கியமானவை. 2022 பிப்ரவரியில் லித்துவேனியா தன் வழியாகப் பெலாரஸ் பொட்டாஷ் போவதை நிறுத்தியது, அதே மாதம் உக்ரைன் போரும் தொடங்கியது. உலகச் சந்தையில் உர விலை ஏறியது.

மனிதர்களும் இந்தக் கணக்குக்குள் வந்திருக்கிறார்கள். இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வந்தார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் தோட்டங்கள் உருவானது அவர்களுக்கு வேலை தரத்தான். பிறந்த மண்ணை விட்டு வருவதா என்பதை இரண்டு தலைநகரங்கள் எண்ணிக்கையாகப் பேசி முடித்தன. சார்பைப் பற்றிப் படிக்கும்போது இவர்களை விட்டுவிடாதீர்கள்.

இதை நேரடியாகப் பார்க்க, குன்னூர் ஏலத்தில் வந்த சரக்கில் எத்தனை சதவீதம் விற்றது என்பதை வாரந்தோறும் குறித்து, பக்கத்தில் மொம்பாசா விலையையும் ரூபாய்–டாலர் மதிப்பையும் எழுதிவாருங்கள். சராசரி விலை நிலையாக இருந்தாலும் விற்காத சரக்கு இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து கூடினால், வாங்குபவர் வேறு பக்கம் திரும்புகிறாரா என்று பாருங்கள். இலை விலையில் அது பின்னால்தான் தெரியும்.